வெதுருகுப்பத்துப் புள்ளி

திருப்பதி
22-4-2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஹரிபாபு எழுதுகிறேன். நானும் சுமித்ராவும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் என் ரேடியோப் பெட்டிக்காக மாடிப்படியை எத்தனை தடவை ஏறி இறங்கினாய்! ரூபாவுக்குப் பரீட்சை முடிந்ததா?

பெட்டி பிரமாதமாக வேலை செய்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் மலை மறைக்கிறது அல்லவா, இத்தனை நாள் எங்கள் ஹாம் ரேடியோ கிளப் பாலசுந்தரம் சாரின் ஜீப் சித்தூரை விட்டுக் கிளம்பினால் எங்கள் கம்ப்யூட்டர் படத்தில் காணாமல் போய்விடும். இப்போது உன் மாடியில் இருக்கும் பெட்டி அதன் ரேடியோச் சேதியைப் பிடித்து எனக்குத் தள்ளிவிடுகிறது. எங்கள் பாலிடெக்னிக் லேபிலும் சரி, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சரி, ஜீப் நகர நகரப் புள்ளி நகர்கிறது. உகாதிக்கு இங்கே வந்தபோது நீயே பார்த்தாய். உன் பெட்டியும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் பெயரையும் இடத்தையும் சொல்லும். மாவட்டப் படத்தில் வெதுருகுப்பத்தின் மேல் ஒரு பச்சைப் புள்ளி. நீதான் அது என்று சுமித்ராவிடம் காட்டினேன்.

போன வாரம் நான் பெட்டியை மாட்டும்போது ரூபா கேட்டாள்: "மாமா, ஜீப்பு போவ போவ புள்ளியும் போவுதே, நம்ம பெட்டியைத் தூக்கிக்கினு போனா அதுவும் போவுமா?" "ஆமாம்மா, எல்லாம் ஒரே கதைதான்" என்றேன். உன் பெண் கெட்டிக்காரி.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கரண்ட் கொடுத்துக்கொண்டே இரு. யாரும் அதில் பேச வேண்டாம், அது பேசும் பெட்டி இல்லை. லைசென்ஸ் எங்கள் ஹாம் கிளப்பின் பெயரில் இருக்கிறது. சிவப்பு ஒயர் சிவப்பில், கறுப்பு ஒயர் கறுப்பில். சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி உனக்கு ஏதாவது என்றால் போன் தேடி ஓட வேண்டாம். பெட்டியில் எரியும் விளக்கு அணைந்தால் இங்கே புள்ளியும் அணையும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். சத்தியம்.

உன் தம்பி,
ஹரிபாபு


வெதுருகுப்பம்
9-5-2001

தம்பி ஹரிபாபுவுக்கு அக்கா வெங்கடலட்சுமி ஆசீர்வாதம்.

கால் வலி கால் வலியாக இருக்கிறது. ரூபா பாஸ், ஒன்பதாம் வகுப்பு. சுமித்ராவைக் கேட்டதாகச் சொல்.

உன் பெட்டியால் எனக்கு வந்த கீர்த்தியைக் கேள். பக்கத்து வீட்டு ரத்னம்மா, "ஏம்மே, இதுல தெலுங்கு சீரியல் வருமா?" என்று தினம் கேட்கிறாள். இரண்டு தெரு தள்ளிப் போனால் போலீஸ் வயர்லெஸ் வைத்திருக்கிறோம் என்று பேச்சு. சாராயம் காய்ச்சுகிறவன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறான். காக்கைக்கு உட்கார ஊரில் வேறு இடமே இல்லையாம், உன் ஏரியல்தான் வேண்டுமாம். குச்சி வைத்து விரட்டுகிறேன். வேறு வேலை எனக்கு என்ன?

ஒரு விஷயம். உன் மாமாவின் அக்கா அம்சவேணி, அவள் மகன் பச்சையப்பன் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே டிரைவர். வீட்டுக்கு வீடு செண்ட் பாட்டில், போர்வை. நம் வீட்டுக்கு மட்டும் இரண்டு போர்வை. எதற்கு என்று கேட்டால் ரூபாவுக்காம். அவளுக்குப் பதினாலு, அவனுக்கு முப்பத்தொன்று. பெற்ற தகப்பனான உன் மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போர்வையை வாங்கி வைத்துவிட்டார்.

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. நீ வந்து நாலு பேர் எதிரில் 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மல்கோவா வந்திருக்கிறது. பழம் தின்கிற சாக்கில் வா.

அக்கா


திருப்பதி
2-6-2001

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல சேதி. சுமித்ரா முழுகாமல் இருக்கிறாள். ஆனால் சோற்றைக் கண்டாலே வாந்தி, எழுந்தால் மயக்கம். டாக்டரம்மா படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்கிறார். சமையல் நான்தான். நீ நலமா? மாமா நலமா?

வராததற்குக் கோபிக்காதே. மாமாவும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். பொங்கல் வரிசையில் வைத்த வேட்டிக்கு அகலக் கரை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன், நான் சொன்னால் கேட்கப்போகிறாரா? போர்வைதானே கொடுத்தான்? லீவு முடிந்தால் விமானம் ஏறிவிடுவான். பேச்சோடு போகும்.

என் கவலை வேறு. உன் பெட்டி மே 17, 21, 22, 26 ஆகிய தேதிகளில் மத்தியானம் நின்று நின்று வந்திருக்கிறது. குறித்து வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் உங்கள் பக்கம் கரண்ட் கட் இல்லை என்று விசாரித்துவிட்டேன். ஆகவே யாரோ பிளக்கைப் பிடுங்குகிறீர்கள். மிக்ஸிக்கா? அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், சட்னியை அம்மியில் அரைத்துக்கொள். அக்டோபரில் மாவட்ட அதிகாரிகள் முன்னால் எங்கள் கிளப் இதைச் செய்து காட்டப் போகிறது. புயல் வந்து போன் அறுந்தாலும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று படத்தில் பார்க்கலாம் என்று காட்ட வேண்டும். எல்லாம் உன் மாடியை நம்பித்தான் இருக்கிறது.

ஹரிபாபு


வெதுருகுப்பம்
11-7-2001

தம்பிக்கு,

சுமித்ராவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். இஞ்சியும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடு, வாந்தி நிற்கும்.

உன் போன கடிதத்தை ரங்கையா போஸ்ட்மேன் உன் மாமா கையில் கொடுத்துவிட்டார். அவர் பிரித்துப் படித்துவிட்டார். அகலக் கரை வேட்டி வரை படித்தார். அன்றைக்கு இரவு வீட்டில் சட்டி மிஞ்சவில்லை.

பேச்சோடு போகவில்லை, ஹரி. தையில் நாள் பார்த்துவிட்டார்கள். அதற்குத்தான் அவன் திரும்ப லீவு போட்டு வருகிறானாம். ரூபா புத்தகப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

இனிமேல் கடிதத்தில் எதையும் விவரமாக எழுதப் போவதில்லை. நீயும் எழுதாதே. போன் பூத்தில் போய்ப் பேசினால் தண்டோரா போட்ட மாதிரி. என்னிடம் உன் பெட்டி இருக்கிறது. பெட்டி இருக்கும் இடத்தில் நானும் ரூபாவும் இருப்போம். அதை மட்டும் பார்த்துக்கொண்டே இரு. மற்றது உனக்கே தெரியும்.

அக்கா


திருப்பதி
29-7-2001

அன்புள்ள அக்காவுக்கு,

இஞ்சித் தண்ணீர் கேட்டது. சுமித்ரா நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். உன் கைமணத்தை நினைத்துக்கொண்டாள். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? மாமா கோபம் தணிந்ததா? இனி வேட்டி பற்றி எழுத மாட்டேன்.

பெட்டி இருக்கும் இடத்தில் நீ இருப்பாய் என்று எழுதியதைப் பார்த்து மனசு குளிர்ந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்த வாரமே, ஜூலை 18, 19 இரண்டு நாள் முழுசாகப் பெட்டி செத்துக் கிடந்தது! இருபதாம் தேதி சாயங்காலம் உயிர் வந்தது. வந்தும் என்ன பிரயோஜனம்? முன்பு கணீரென்று கேட்டது இப்போது கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிறது. சித்தூர் ஜீப் அதன் வழியாக வருவதே இல்லை. ஏரியலை யார் தொட்டது? துணி காயப்போட்டீர்களா? கூடவே கடகடவென்று ஓயாமல் ஒரு இரைச்சல். பக்கத்தில் யாராவது மோட்டார் போட்டிருக்கிறார்களா? ரைஸ் மில் வந்திருக்கிறதா?

பதில் உடனே போடு. கம்பம் நேராக நிற்கிறதா என்று மாடி ஏறிப் பார்த்து எழுது.

ஹரிபாபு


2-9-2001

தம்பிக்கு,

நானும் ரூபாவும் இருக்கிறோம். உன் கடிதம் சுற்றிச் சுற்றி என் கைக்கு வர இருபது நாள் ஆயிற்று.

கம்பம் நேராகத்தான் நிற்கிறது. நானே கட்டினேன். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். நீ ஒட்டின சீட்டு கிழியாமல் இருக்கிறது. இரண்டு நாள் பெட்டி நின்றதற்கு எனக்கு இத்தனை திட்டு! விளக்கு அணைந்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சத்தியம் பண்ணினவன் யார்? பஸ் வரவில்லை, திட்டுத்தான் வந்தது.

சத்தம் என்கிறாயே, உனக்குக் கடகட என்று கேட்கிறது, எனக்கு மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. பழகிவிட்டது. ரூபா பள்ளிக்கூடம் மாற்றியாயிற்று. டீச்சர்கள் நல்லவர்கள்.

ஹரி, படத்தைப் பார்க்கிறாயா, இல்லையா? பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல ரைஸ் மில்லைப் பற்றி எழுதுகிறாயே, நான் சொன்னபடி ஜாக்கிரதையாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஜாக்கிரதையாக எழுதினால் போதாது, வரவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூபா ஒரு நடை போய்விட்டு வருகிறாள். தை வருவதற்கு இன்னும் நாலரை மாசம்தான் இருக்கிறது.

சுமித்ராவுக்கு மாசம் ஐந்தா? வளையல் அடுக்க யார் இருக்கிறார்கள்?

அக்கா


திருப்பதி
16-9-2001

அன்புள்ள அக்காவுக்கு,

சுமித்ரா இப்போது நன்றாக இருக்கிறாள். வளைகாப்புக்கு நீதான் வர வேண்டும். ரூபாவை நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறாய், சந்தோஷம். அந்தப் புது இங்கிலீஷ் மீடியமா?

அக்கா, உன் மாடியில் ஒரு அதிசயம் நடக்கிறது! உனக்கு விளங்குமோ விளங்காதோ, சொல்கிறேன். ஒரு மாசமாக உன் பெட்டி வழியாக வருகிற வண்டிகள் எல்லாம் திருத்தணி, அரக்கோணம், மெட்ராஸ் ரோடு. பக்கத்தில் இருக்கிற சித்தூர் கேட்கவில்லை, எங்கேயோ இருக்கிற அரக்கோணம் கேட்கிறது! சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் படிந்தால் அலைகள் குழாய்க்குள் போகிற தண்ணீர் மாதிரி நெடுந்தூரம் ஓடும். புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இரவும் பகலும் ஒரு மாசமாக ஓடியதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கிளப் பத்திரிகைக்கு ஆறு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். 'வெதுருகுப்பம் பரவல்' என்று பெயரே வைத்துவிட்டேன்.

பாலசுந்தரம் சார் அதைப் படித்துவிட்டு, "ஹரி, பெட்டி அங்கதான் கீதா?" என்று கேட்டார். பெரிய மனுஷர், ஆனால் சில சமயம் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்பார். "சார், எங்க அக்கா வீடு எங்க சார் போவும்?" என்றேன். சிரித்துவிட்டார்.

செய்து காட்டும் நாள் அக்டோபர் பத்து. அதற்குள் காற்று மாறிப் பழையபடி சித்தூர் கேட்கத் தொடங்கிவிடும். அது முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். அதற்குள் எதையும் தொடாதே.

ஹரிபாபு


திருப்பதி
14-10-2001

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. பத்தாம் தேதி சித்தூரில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாலசுந்தரம் சார் ஜீப்பை எடுத்துக்கொண்டு திருப்பதி ரோட்டில் கிளம்பினார். பத்து கிலோமீட்டரில் புள்ளி காணாமல் போயிற்று. முக்கால் மணி நேரம் படத்தில் ஒன்றும் இல்லை. ஒரு அதிகாரி தெலுங்கில், "ஜீப்பு உந்தா, அம்மேசாரா?" என்று கேட்டார், இருக்கிறதா விற்றுவிட்டீர்களா என்று. ஹாலே சிரித்தது. அந்த நேரம் பார்த்து அரக்கோணத்திலிருந்து எவனோ ஒருவனுடைய ஸ்கூட்டர் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

உன்னிடம் நான் கேட்டது என்ன? வீட்டையா, நிலத்தையா? ஒரு பிளக். ஒரு கம்பம். அதைக் கூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியாதா? உன் கடிதத்தில் 'வா வா' என்று எழுதுகிறாயே தவிர, கேட்ட கேள்விக்கு ஒரு பதில் உண்டா? ஏன் இப்படிப் பூடகமாகவே எழுதுகிறாய்? எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. தீபாவளிக்குப் பிறகு வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகிறேன். உனக்கும் தொல்லை வேண்டாம்.

ஹரிபாபு


கங்கம்மாள் தறிக் கொட்டகை
நகரி
28-10-2001

ஹரிபாபுவுக்கு,

சுமித்ரா நலமாக இருக்கட்டும்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, அதனால் ஊர் பேரைப் போட்டே எழுதுகிறேன். ஆடி மாசம் நான் ரூபாவையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நகரிக்கு வந்து இன்றைக்கு நூறு நாள் ஆகிறது. உன் படத்தில் பார்த்திருப்பாய். பார்த்தும் நீ வரவில்லை.

உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சுமித்ரா வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கும்போது உன் வாசலில் அம்சவேணி மண்ணை வாரித் தூற்றுவதை நான் பார்க்க வேண்டுமா? உன் மாமா நாங்கள் உன் வீட்டில் இருப்பதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "தை வந்தா அவனே இட்டாந்து உட்டுட்டுப் போவான்" என்று ரோஷமாக உட்கார்ந்துவிட்டார். ரங்கையா ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். நீ எழுதுகிற கடிதத்தில் வெதுருகுப்பத்தை அடித்துவிட்டு நகரி என்று எழுதி அனுப்பியவர் அவர்தான். "பயப்பட வத்தம்மா" என்றார், பயப்படாதே என்று, புண்ணியவான். அவர் லீவு போடுகிற நாளில் கடிதம் உன் மாமா கையில் சிக்கினால் என்ன ஆவது என்றுதான் எதையும் எழுதாமல் இருந்தேன். பெட்டி சொல்லும், உனக்கு மட்டும் சொல்லும் என்று இருந்தேன்.

இங்கே தறிக்கு நூல் தார் சுற்றுகிற வேலை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை. கங்கம்மாளுக்கு வாய் கடுமை, ஆனால் மனசு வெல்லம். உன் கம்பத்தை அவள்தான் கூரையில் கட்ட விட்டாள்.

போன புதன்கிழமை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். தறி எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கினது அம்சவேணியும், முன்னாலேயே லீவில் வந்துவிட்ட பச்சையப்பனும். கல்யாணத்துக்கு மொத்தமாகப் புடவை எடுக்க வந்தார்களாம், எங்கள் கல்யாணத்துக்கு! நகரியில் எத்தனை கொட்டகை இருக்கிறது, வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ரூபா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். அம்சவேணி அவள் கையைப் பிடித்துவிட்டாள். "வாடி வூட்டுக்கு! ஆத்தாளும் மவளும் இங்க ஒளிஞ்சிக்கினு கீறீங்களா?"

எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியாது. அறைக் கதவைத் தள்ளித் திறந்து பெட்டியைக் காட்டினேன். "இதோ பாரு, வெளக்கு எரியுது பாரு. நாங்க எங்க கீறோம்னு என் தம்பிக்குத் தெரியும். பத்து நிமிசத்துக்கு ஒரு தபா அவனுக்குச் சேதி போவுது. இப்ப இந்த வெளக்க நிறுத்தினேன்னா ரெண்டு மணி நேரத்துல இங்க நிப்பான். தாய்மாமன் இல்லாம என் பொண்ணு கழுத்துல எவன் கைய வெக்கிறான், பாக்கறேன்!" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை, ஹரி. உண்மையைச் சொல்லும்போது எதற்கு நடுங்க வேண்டும்?

பச்சையப்பன் பெட்டியைப் பார்த்தான், கூரைக் கம்பத்தைப் பார்த்தான். "அம்மா, இது போலீசு வயர்லெஸ்ஸு மேரி கீது. பாஸ்போட்டுல ஏதாச்சும் எழுதிட்டா நான் குவைத்துக்குத் திரும்பிப் போவ முடியாது, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில் அம்சவேணி, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள். இறைக்கட்டும்.

அவர்கள் திரும்பி வந்தாலும் வரலாம் என்று அப்போதே பிளக்கைப் பிடுங்கினேன். உலை வைத்தேன். உனக்குப் பிடித்த வேர்க்கடலைத் துவையல் அரைத்தேன், அம்மியில்தான். ரூபாவும் நானும் சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ்ஸும் போனது. சோற்றில் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை உன் பதினாலாம் தேதிக் கடிதம் வந்தது.

பெட்டியை நீ எப்போது வேண்டுமானாலும் வந்து கழற்றிக்கொண்டு போகலாம்.

வெங்கடலட்சுமி


திருப்பதி
6-11-2001

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சுமித்ரா நீ கொடுத்தனுப்பின எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே அழுதாள். உங்கள் இருவர் உடம்பும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஓடி வந்தேன். இரண்டு நாள் இருந்தேன். தறிச் சத்தத்தில் நீ என்னைத் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது. "தெரிஞ்சிக்கினே வராம இருந்தியே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஒரு விஷயத்தை உன் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

அக்கா, எனக்குத் தெரியாது. உன் பெட்டி எனக்கு எதையும் சொல்லவில்லை.

பாலசுந்தரம் சார் ஜீப்பில் வானத்தைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் ஒரு கருவி இருக்கிறது. அதனால் ஜீப் நகர்ந்தால் புள்ளி நகர்கிறது. உன் பெட்டியில் அது இல்லை. மாடியில் கிடக்கப்போகிற பெட்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். வெதுருகுப்பத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான் கையால் தட்டி உள்ளே வைத்தேன். பெட்டி அதைத்தான் சொல்லும். நீ அதை நகரிக்கு எடுத்துப் போனாலும் சரி, காசிக்கு எடுத்துப் போனாலும் சரி, 'நான் வெதுருகுப்பத்தில் இருக்கிறேன்' என்றுதான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தியம் பண்ணும். ரூபா கேட்டபோது 'எல்லாம் ஒரே கதைதான்' என்று வாய் கூசாமல் சொன்னேனே, விளக்கிச் சொல்லச் சோம்பல் பட்டு. அந்த ஒரு வார்த்தையை நம்பி நீ நூறு நாள் அங்கே உட்கார்ந்திருந்தாய். நகரிக்கு அரக்கோணம் பக்கம்தான் என்பது தோன்றாமல் நான் இங்கே உட்கார்ந்து காற்று மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று ஆறு பக்கம் எழுதினேன். தூ!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் படத்தில் உன் புள்ளி அணைந்ததை நான் பார்த்தேன். 'ஆரம்பித்துவிட்டாள் சட்னி அரைக்க' என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன்.

உன் பழைய கவர்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் கடிதத்தின் மேல் நகரி போஸ்டாபீஸ் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. வண்டி எங்கே, புள்ளி எங்கே என்று பார்ப்பதே வேலையாக இருக்கிறவன், கவரின் முத்திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வரும்போது பெட்டிக்கு நீங்கள் வைத்திருந்த சந்தனம் குங்குமத்தைத் தொடாமல், உள்ளே இடத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன். "இன்னா மாமா மாத்தறீங்க?" என்று ரூபா கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இரண்டு நிமிஷ வேலை. இப்போது புள்ளி நகரியில் இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

ஹரிபாபு


நகரி
18-11-2001, ஞாயிற்றுக்கிழமை

தம்பி ஹரிபாபுவுக்கு அக்கா எழுதுவது.

எனக்கு ஒரு குறைவும் இல்லை. கால் வலி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது. தீபாவளிக்கு ரூபாவுக்குக் கங்கம்மாள் பாவாடை எடுத்துக் கொடுத்தாள்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியப் போனேன். நூறு நாள் அந்தப் பாவி விளக்கைப் பார்த்து, 'சொல்லு, என் தம்பிகிட்ட நல்லா சத்தமா சொல்லு' என்று பேசிக்கொண்டிருந்தேன். கிறுக்கச்சி மாதிரி. அது பாட்டுக்கு வெதுருகுப்பம், வெதுருகுப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

இரண்டாம் தடவை படிக்கும்போது அம்சவேணி நினைவு வந்தது. அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நாக்கு குழறியிருக்கும். என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். ரூபா இன்றைக்கு எந்த வீட்டில் இருந்திருப்பாளோ. அதற்காக உன்னைப் பாராட்ட முடியுமா? முடியாது. உன் சோம்பலால் நல்லது நடந்தது என்று உன்னிடம் சொல்லிவிட்டால் நீ அதற்கும் ஆறு பக்கம் எழுதுவாய்.

ரூபாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குகிறாள். அவளுக்கு அது பொய் என்று தெரிய வேண்டாம். தெரியாமல் இருக்க வேண்டுமானால் அது மெய்யாக வேண்டும். அது உன் வேலை.

அதனால்தான் இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பெட்டிக்கு ஒன்றும் இல்லை, எங்களுக்கும் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, நீ வீட்டில்தான் இருப்பாய். பார்க்கிறாயா, சட்னி என்று மூடிவிடுகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தை நான் போஸ்ட் பண்ணப் போவதில்லை. நீ வந்தால் கையில் கொடுப்பேன். வராவிட்டால் அடுப்பில் போட்டுவிட்டு, நாளைக்குப் பெட்டியைப் பார்சல் கட்டி உனக்கே அனுப்பிவிடுவேன். நம் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

இப்போது மணி பதினொன்று. சோறு வடித்துவிட்டேன். துவையல் அரைத்துவிட்டேன். எழுதுவதற்கு இனி ஒன்றும் இல்லை, ஆனால் பேனாவை மூடிவிட்டால் வாசலைப் பார்க்கத் தோன்றும், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாததால் பஸ் ஸ்டாண்டு ஹாரன் இங்கே வரை கேட்கிறது. பத்தரைக்கு ஒன்று வந்தது. அதில் யாரும் இல்லை. கங்கம்மாள் எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்ளோ சோறு ஆக்கிக் கீற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு என்றேன்.

பதினொன்றே கால். இன்னொரு ஹாரன்.

ரூபா வாசலிலிருந்து கத்துகிறாள்: "யம்மா! மாமா வராரு! ஓடியாராரு! சட்டை பட்டன் எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுக்கினு வராரு!"

இதை மடித்து வைக்கிறேன். மீதியை நேரில் திட்டிக்கொள்கிறேன்.

அக்கா